பள்ளியை விட்டபின்

பள்ளியில் படிக்கும் வரையில் மாணவனின் வழி நேரான வழியாக இருக்கின்றது. ஆறாம் வகுப்புக்குப் பின் ஏழாம் வகுப்பு. ஏழுக்குப் பின் எட்டு. அடுத்து எங்கே செல்வது என்று அவன் எவரையும் கேட்க வேண்டுவதில்லை. இறுதித் தேர்வு முடிந்த அன்றோ, அந்த ஒரு வழி பல வழிகளாகப் பிரிந்துவிடுகின்றது. எவ்வழியிற் செல்வது, அது எங்கே கொண்டுசேர்க்கும், எத்தனை ஆண்டு வேண்டும், எவ்வளவு பொருள் வேண்டும் என்னும் கேள்விகள் ஒருங்கே எழுகின்றன. படித்தவர் நிறைந்த வீட்டில் இவற்றுக்கு விடை கூறப் பலர் உளர். மாமன் பொறியாளராக இருப்பார். அத்தை ஆசிரியையாக இருப்பார். உண்ணும்போது அவர்கள் பேசும் பேச்சே அவ்வீட்டுப் பிள்ளைக்கு வழிகாட்டியாகிவிடும். நாட்கூலியால் வாழும் வீட்டுப் பிள்ளைக்கு அப்பேச்சுக் கிடைப்பதில்லை. அவன் அறிவிற் குறைந்தவன் அல்லன். எடுத்துச் சொல்வார் இல்லாதவன்.

இக்குறை எத்துணைப் பெரியது என்பதைக் கருணாபுரத்தின் நிலை நமக்கு உணர்த்தும். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாகத் தொடங்கப்பெற்றது கள்ளக்குறிச்சி. அதன் தலைநகரில் உழைத்து உண்ணும் எளிய மக்கள் வாழும் பகுதி கருணாபுரம். 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த சாராயம் அங்கு விற்கப்பட்டது. அதனைக் குடித்தவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூட்டை சுமந்தவர், கட்டட வேலை செய்தவர், அன்றாடக் கூலிக்கு உழைத்தவர் ஆகியோர் அவர்களுள் பலர்; பெண்களும் இருந்தனர். தந்தையை இழந்த பிள்ளைகளும், தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் அத்தெருக்களில் எஞ்சினர்.

அரசு உதவிக்கு வந்தது. இறந்தவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்கப்படும் என்றும், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவையும் விடுதிச் செலவையும் பட்டப்படிப்பு முடியும் வரை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. நல்ல உதவியே இது. ஆயினும், இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். படிப்பதற்குப் பொருள் கிடைத்துவிட்டது. எதைப் படிப்பது என்று அப்பிள்ளைக்கு எடுத்துரைப்பார் யார்? தந்தை உயிரோடு இருந்திருப்பினும், தாம் சுமந்த மூட்டையின் எடையை அவர் அறிவாரேயன்றி, மருந்தாளுநர் படிப்புக்கும் செவிலியர் படிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருப்பார் என்று கூற முடியுமா? பொருளுதவியோடு வழிகாட்டுதலும் சேர்ந்தாலன்றி அவ்வுதவி முழுமை பெறாது.

வழிகாட்டுவார் இல்லாத இடத்தில் இளைஞன் வழியின்றி நிற்பான் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதனினும் கொடியது. அவ்விடத்திற்கு வேறொருவன் வழிகாட்ட வந்துவிடுகிறான், அவனே தரகன். கையில் முன்பணத்தோடு அவன் வருவான். என்ன வேலை, எந்த ஊர், எத்தனை நாள் என்பவற்றை அவன் முழுதும் சொல்வதில்லை. இன்று கையில் விழும் பணத்தை மட்டும் காட்டுவான். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையிலும், அதனை அடுத்த சவ்வாது மலை முதலிய இடங்களிலும் வாழும் மக்கள் இத்தகைய தரகர்களால் பட்ட துன்பம் பெரிது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திர மாநிலத்துச் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட தமிழகத் தொழிலாளர் 20 பேர் காவலரின் துப்பாக்கிக்கு இரையாயினர். அவர்களுள் மலைவாழ் மக்களும் இருந்தனர். நல்ல தொழிலுக்கு வழிசொல்லும் ஒருவர் தரகனுக்கு முன்னரே அம்மலையேறிச் சென்றிருந்தால், அவர்களுட் சிலரேனும் வேறு வழியை மேற்கொண்டிருப்பர் அல்லரோ?

இளைஞர்க்குத் தொழில்வழி காட்டும் முயற்சி புதியது அன்று. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்னும் அறிஞர் 1908ஆம் ஆண்டில் இதற்கென ஒரு நிலையத்தைத் தோற்றுவித்தார். வேற்று நாடுகளிலிருந்து குடியேறிய ஏழை மக்கள் நிறைந்த பகுதியிலேயே அவர் பணிபுரிந்தார். அவர் வகுத்த முறையில் மூன்று கூறுகள் உண்டு. தன்னை அறிதல் முதலாவது. தொழில்களை அறிதல் இரண்டாவது. இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு செய்தல் மூன்றாவது. நூறாண்டு கடந்த பின்னும் இம்முறை பழமை எய்தவில்லை.

நம் மாநிலத்திலும் இத்துறையிற் சில நற்பணிகள் நடைபெற்றுள்ளன. 2022 மார்ச்சு முதல் நாள் ‘நான் முதல்வன்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்கு மேற்படிப்புகளை விளக்கும் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் அதன்வழி நடத்தப்பெற்றன. அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இவற்றால் பயன்பெற்றோர் பலர். எனினும், இவை பெரும்பாலும் கல்லூரி வாயிலை நோக்கியே மாணவரை அழைத்துச் செல்கின்றன. கல்லூரிக்குச் செல்ல இயலாத பிள்ளையை, தேர்வில் தவறிய பிள்ளையை, நாளைக்கே வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டிய பிள்ளையை நாம் எங்கே அழைத்துச் செல்வது?

அத்தகையவர்க்கு ஏற்ற வழி ஒன்றே. தொழிலைப் பழகும் நாளிலேயே ஓரளவு ஊதியமும் கிடைத்தல் வேண்டும். இவ்வழி நம் நாட்டுச் சட்டத்திலேயே உள்ளது. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, 14 வயது நிரம்பியவர் தொழிற்பழகுநராகச் சேரலாம். இடர் மிக்க தொழிலாயின் 18 வயது வேண்டும். பழகும் காலத்தில் அவருக்கு உதவித்தொகை வழங்குதல் கடமை. 30 பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்கள் குறிப்பிட்ட அளவு பழகுநரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. தொழிற்பயிற்சி நிலையங்களிலோ, சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பத்தாம் வகுப்பில் தவறியதோடு தன் வாழ்வே தவறிவிட்டது என்று மனம் உடையும் மாணவன் இச்செய்திகளை அறிந்திருப்பானா? அறிவிப்பது யார் கடமை?

செருமனி நாட்டில் இம்முறை நன்கு வேரூன்றியுள்ளது. அங்கே இளைஞர் பலர் வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் தொழிலகத்திலும், எஞ்சிய நாள்களில் தொழிற்பள்ளியிலும் பயில்கின்றனர். தொழிலகம் அவர்களுக்கு ஊதியம் தருகின்றது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழுங்குபடுத்தியது. நம் நாட்டில் 2024ஆம் ஆண்டில் பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, திங்களுக்கு 5,000 ரூபாய் தருவதாக அறிவிக்கப்பட்டது. பத்தாம் வகுப்பு முடித்தவரும் அதிற் சேரலாம். ஆனால், வயது 21 முதல் 24 வரை இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பதினேழு வயதிற் பள்ளியை விட்ட ஏழைப் பிள்ளை இருபத்தொரு வயது வரை எவ்வாறு காத்திருப்பான்? தரகன் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லையே!

கள்ளக்குறிச்சியிலேயே பழகுதற்குரிய தொழில்கள் பல உள்ளன. இங்குச் செய்யப்படும் மரச்சிற்பங்கள் புகழ் பெற்றவை. 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றன. ஆயினும், சிறு பட்டறையில் ஒருவர் இருவராக இருந்து செய்யும் இத்தகைய கைத்தொழில்களைத் தொழிற்பழகுநர் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு மாணவனுக்கு உதவித்தொகை தருமளவு வருவாயும் அப்பட்டறைக்கு இராது. பல பட்டறைகள் கூட்டுறவாக இணைந்து மாணவரை ஏற்கவும், உதவித்தொகையை அரசு தரவும் ஏற்பாடு செய்யலாம். கலையும் அழியாது, கற்பவனும் பசித்திரான்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். “ஏழைப் பிள்ளைகளைக் கைத்தொழிலுக்கு அனுப்பிவிட்டு, மேற்படிப்பைச் செல்வர்க்கே உரிமையாக்குவதோ?” என்று சிலர் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கது அன்று. 1953ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் ஒரு கல்வித் திட்டம் கொணரப்பட்டது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியிற் படித்து, மறுவேளை பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும் என்பது அதன் கருத்து. அது குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954ஆம் ஆண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அவர் செய்தது முற்றிலும் சரியே. மூட்டை சுமந்தவர் மகன் மூட்டை சுமக்கவே பழகவேண்டும் என்றால், அதற்குப் பள்ளியும் வேண்டா, வழிகாட்டியும் வேண்டா.

நாம் வேண்டுவது அதற்கு நேர்மாறானது. தந்தையின் தொழில் ஒன்றை மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைக்கு வேறு பல தொழில்களையும் கண்முன் காட்டுவதே வழிகாட்டுதலின் நோக்கம். கூலித் தொழிலாளியின் மகள் மரச்சிற்பம் பழகலாம். சிற்பியின் மகன் மருத்துவம் படிக்கலாம். தேர்வு செய்வது பிள்ளையின் உரிமை. தொழில் பழகியவர் பின்னர் விரும்பினால் மேற்படிப்புக்குத் திரும்பும் கதவும் திறந்தே இருத்தல் வேண்டும். ஒரு கதவை மட்டும் காட்டி உள்ளே தள்ளுவது வழிகாட்டுதல் ஆகாது.

வேறு சிலர், “ஆற்றல் உடையவன் தானே முன்னேறுவான், அவனுக்கு வழிகாட்டி எதற்கு?” என்பர். அதற்குக் கோவை ஜி. டி. நாயுடுவைச் சான்று காட்டுவர். உயர்கல்வி பெறாத அவர், 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தொடங்கி, பெருந்தொழில் அறிஞராக உயர்ந்தார். உண்மையே. ஆனால், அத்தகையவர் நூறாயிரத்தில் ஒருவர். மலையைத் தாண்டத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்பதற்காக, ஊரார்க்குச் சாலை வேண்டா என்று எவரேனும் கூறுவரோ? சாலை அமைப்பது நம் போன்றோர் நடப்பதற்கே.

எனவே, வழிகாட்டுதல் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் ஒரு நாள் கேட்கும் சொற்பொழிவாக நின்றுவிடுதல் கூடாது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குதல் வேண்டும். ஆண்டுக்குச் சில நாள் மாணவரைத் தொழில் நடக்கும் இடங்களுக்கே அழைத்துச் செல்லுதல் வேண்டும். சர்க்கரை ஆலை, அரிசி ஆலை, பேருந்துப் பணிமனை, வங்கி, நீதிமன்றம் ஆகிய அனைத்தும் பாடசாலைகளே. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பெற்றது. நஞ்சுண்டவர்களை 2024 ஜூனில் ஏந்திக்கொண்ட மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. மெத்தனால் உண்டவரின் இரத்தத்தைப் பொறியின் துணையால் தூய்மை செய்து உயிர்காப்பது உண்டு. அப்பொறியை இயக்குவதற்கெனத் தனிப்படிப்பு உள்ளது. இரத்தத்தைச் சோதிப்பவர், மருந்து வழங்குபவர், மின்சாரம் தடையின்றி ஓடக் காப்பவர் என மருத்துவமனையில் எத்தனையோ தொழிலர் உளர். மருத்துவர், செவிலியர் என்னும் இரு சொற்களை மட்டும் அறிந்த பிள்ளைக்கு அவர்கள் அனைவரையும் காட்டுதல் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு இது பின்னும் இன்றியமையாதது. செல்லும் வழி தெளிவாகத் தெரியாவிடில், அவர்களுக்கு வீட்டார் காணும் ஒரே வழி விரைவில் நடத்தும் திருமணமாகவே முடிந்துவிடும்.

மாணவர்களே! உங்கள் கடமையும் ஒன்றுண்டு. கேட்பதற்கு நாணாதீர்கள். ஒரு தொழிலைப் பற்றி அறிய விரும்பினால், அத்தொழில் செய்பவரையே அணுகிக் கேளுங்கள். வரவு எவ்வளவு, துன்பம் எத்தகையது, கற்க எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். விடை கூறாமல் பணத்தை மட்டும் காட்டுபவனை நம்பாதீர்கள்.

பள்ளியின் சிறப்பைத் தேர்ச்சி விழுக்காட்டால் அளப்பது வழக்கமாகிவிட்டது. அதனோடு மற்றோர் அளவும் வேண்டும். பள்ளியை விட்டுச் சென்ற ஒவ்வொருவரும் இரண்டாண்டு கழித்து எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்பதை ஒவ்வொரு பள்ளியும் எழுதி வைத்தல் வேண்டும். விடை எழுத முடியாத பெயர் ஒன்று இருந்தாலும், ஆசிரியர் ஒருவர் அப்பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்லுதல் வேண்டும். கருணாபுரத்தின் தெருக்களுக்கும் கல்வராயன் மலையின் சிற்றூர்களுக்கும் தரகனின் கால்கள் வழி அறிந்துள்ளன. பள்ளியின் கால்களும் அவ்வழியை அறிதல் வேண்டும்.