ஆலமரத்தடி வேணும், அட்மின் அறை வேணாம்

கொஞ்சம் நீளமான பதிவு. நம்ம கோயிலுக்காக ஒரு நாளாவது தேங்காய் உரிச்சவங்க, பாத்திரம் கழுவினவங்க, வெளிநாட்டிலிருந்து பத்து வெள்ளி அனுப்பினவங்க எல்லாரும் கடைசி வரைக்கும் படிக்கணும்னு கேட்டுக்கிறோம்.

நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். தாத்தா பாட்டி பால்மரம் வெட்டின காலத்துல மரத்தடியில் கல்லை வெச்சுக் கும்பிட்ட இடம்தான் இன்னிக்கு நம்ம அம்மன் கோயில். ரப்பர் போய் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் காலியாச்சு, நாம சிதறிட்டோம். சிலர் கிள்ளான்ல, சிலர் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்கு, இன்னும் சிலர் பெர்த், மெல்பர்ன், லண்டன்னு இருக்கோம். நம்மளைக் கட்டி வெச்சிருக்கிறது ரெண்டே விஷயம். ஒண்ணு அந்தக் கோயில். இன்னொண்ணு கைப்பேசியில இருக்கிற புலனக் குழு. அதனால எந்தக் குழுவுல பேசறது, எங்க முடிவெடுக்கிறதுங்கிறது வெறும் போன் விவகாரம் இல்லை. கோயில் யாருடையதுங்கிற கேள்வி அது.

நடந்ததைச் சொல்லிடறோம். சமையல்கூடத்துக் கூரை ஒழுகுது. அன்னதானத்தன்னிக்கு மழை வந்தா ஒருத்தர் குடை பிடிக்க இன்னொருத்தர் சாம்பார் கிண்டுறார். அதைச் சரிபண்ணத்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் பணம் சேர்த்து அனுப்பினாங்க. ஒரு ராத்திரி, எட்டு பேர் மட்டும் இருக்கிற அட்மின் குழுவுல பேசி, முதல்ல நுழைவாசல் வளைவைக் கட்டிடலாம்னு முடிவாச்சு. எட்டு மணிக்குப் பெரிய குழுவுல ஒரு செய்தி வந்தது: "ஆட்சேபணை இருந்தால் இன்றிரவு பத்து மணிக்குள் தெரிவிக்கவும்." அப்போ லண்டன்ல மதியம், வேலை நேரம். மெல்பர்ன்ல படுக்கப் போற நேரம். இங்க உள்ளவங்க பார்க்கறதுக்குள்ள யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து நாப்பது வந்து விழுந்துடுச்சு. பத்து மணிக்கு "மௌனம் சம்மதம்"னு முடிச்சிட்டாங்க.

இருபது வருஷமா பாத்திரம் கழுவுற அக்கா ஒருத்தர் மட்டும் கேட்டாங்க: "தம்பி, கூரைக்குன்னு சொல்லித்தானே வாங்கினோம்?" பதில் இல்லை. மறுநாளும் கேட்டாங்க. மூணாவது நாள் அவங்க பேரு குழுவுல இல்லை. நீக்கிட்டாங்க.

தெளிவா சொல்றோம்: யாரும் காசு எடுக்கலை. கணக்கு சரியா இருக்கு. வளைவும் அழகாத்தான் இருக்கு. அந்த எட்டு பேரும் கோயிலுக்காக உழைக்கிறவங்கதான். இன்னொண்ணும் சொல்லணும், அந்த எட்டு பேர்ல எங்கள்ல ரெண்டு பேரும் இருந்தோம். அன்னிக்கு நாங்களும் வாயைத் திறக்கலை. அந்த அக்காவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நேர்ல போய்க் கேட்டுட்டோம். இங்க எழுதறது, இனிமே இன்னொருத்தருக்கு இது நடக்கக்கூடாதுன்னு.

பழியைச் செயலி மேல போடறதுல அர்த்தம் இல்லை. புலனம் அவசரத்துக்கு அருமையான சாதனம். "பந்தல்ல தண்ணி முடிஞ்சிருச்சு"ன்னு சொல்ல அதைவிட வேகமானது இல்லை. எழுதப் படிக்க சிரமப்படுற பாட்டிகூட குரல் பதிவு அனுப்பிடறாங்க. ஆனா அதே குழுவுல அறிவிப்பு, அரட்டை, பண முடிவு மூணையும் போட்டு வெச்சது நம்ம தப்பு. ஒரு குழுவுல 1,024 பேர் வரைக்கும் சேரலாம். ஆனா இன்னிக்குச் சேர்றவருக்கு முன்னாடி பேசினது முழுசாத் தெரியாது. சாதாரணக் குழுவுல ஒருத்தர் எண் எல்லாருக்கும் தெரியும். சேவைக்கு வந்த தங்கச்சிகளுக்கு முன்பின் தெரியாதவங்ககிட்டேயிருந்து ராத்திரி "ஹாய்" வருதுன்னு எத்தனை பேர் சொல்லியிருக்காங்க!

மாத்திப் பேசணும்னா மூணு எதிர்ப்பு உடனே வரும்.

"பெரியவங்களுக்குப் புதுச் செயலி தெரியாது." பெரியவங்க மேல அவ்வளவு அக்கறை இருந்தா, முடிவை ஏன் கோயில் அறிவிப்புப் பலகையில ஒட்டறதில்லை? பலகையைப் படிக்கச் செயலி எதுக்கு?

"கோயில் விஷயத்தை ஏன் ஊரெல்லாம் பேசணும்?" ஊர்ப் பணத்துல நடக்கிற கோயில் ஊர் விஷயம்தான். சங்கப் பதிவிலாகாவுல பதிஞ்ச ஆலயம் ஒவ்வொரு ஆண்டும் பொதுக்கூட்டம் நடத்தி, கணக்கை அனுப்பணும். வருஷத்துல ஒரு நாள் எழுத்துல பதில் சொல்ற நாம, மத்த நாளெல்லாம் எட்டு பேர் அறைக்குள்ள பேசினா அது என்ன நியாயம்?

"எல்லாரையும் கேட்டா வேலை நடக்காது." நடக்கும். தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்க. 2003-ல தொடங்கினது. பல நாடுகள்ல இருக்கிற தன்னார்வலர்கள் கூலி இல்லாம வளர்த்தது. அவங்க பொதுவா பேசற பக்கத்துக்குப் பேரே "ஆலமரத்தடி". யார், எந்தத் தேதியில, என்ன சொன்னாங்கன்னு அங்க பதிவாகும். நேத்து வந்தவரும் பல வருஷத்துக்கு முந்தின பேச்சைப் படிக்கலாம். நம்ம கோயிலும் மரத்தடியில ஆரம்பிச்சதுதானே? மரத்தடிக்குக் கதவு கிடையாது.

அதனால நாங்கள் நிர்வாகத்திடம் கேட்கிறது இதுதான்:

1. புலனம் அறிவிப்புக்கும் அவசரத்துக்கும் மட்டும். வாழ்த்துக்கும் அரட்டைக்கும் தனிக் குழு.

2. கலந்துபேச டெலிகிராம் குழு. பழைய பேச்சைப் புதியவங்க படிக்கிற மாதிரி வைக்கலாம், எண்ணை மறைக்கலாம், அன்னதானம், காவடி, கட்டடம்னு தலைப்பு பிரிக்கலாம். ஒரு எச்சரிக்கை: அங்க குழுப் பேச்சுக்கு முழு மறைகுறியாக்கம் கிடையாது. அதனால அடையாள அட்டை எண், வங்கி விவரம், பிள்ளைகள் படம் எதுவும் அங்க போடக்கூடாது.

3. பணம், தேதி, கட்டடம் இந்த மூணைப் பத்தின எந்த முடிவுக்கும் மூணு முழு நாள் அவகாசம். லண்டன் நமக்கு ஏழெட்டு மணி நேரம் பின்னாடி, மெல்பர்ன் ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி. எல்லாருக்கும் ஒரு விடியலாவது கிடைக்கணும்.

4. எங்க பேசினாலும் முடிவு ஒரே இடத்துல எழுதப்படணும். தமிழ்ல ஒண்ணு, தமிழ் படிக்கத் தெரியாத நம்ம பிள்ளைகளுக்காக மலாய்ல ஒண்ணு. ஒரு பிரதி மின்னஞ்சல்ல, ஒரு பிரதி பலகையில. எழுதப்படாதது முடிவு இல்லை.

5. கேள்வி கேட்டதுக்காக யாரையும் நீக்கக்கூடாது. கெட்ட வார்த்தை பேசினா நீக்கலாம், காரணத்தை எழுதிட்டு. அட்மின் பொறுப்பு ஆண்டுக்கு ஒரு தடவை மாறணும்.

இதுல ராக்கெட் விடற வேலை ஒண்ணும் இல்லை. இளையவங்க ரெண்டு பேர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தா முடிஞ்சிடும். மனசு வரணும், அவ்வளவுதான்.

அந்த அக்கா போன வெள்ளிக்கிழமையும் வந்தாங்க. அண்டாவைத் தேய்ச்சாங்க, கவுத்து வெச்சாங்க, போயிட்டாங்க. குழுவுல இல்லைன்னாலும் கோயில்ல இருக்காங்க. குழுவுல இருக்கிற நாம எல்லாரும் கோயில்ல இருக்கோமான்னு ஒரு தடவை யோசிப்போம்.

அடுத்த மாதக் கூட்டத்துல இதைத் தீர்மானமாக் கொண்டு வர்றோம். ஒத்துக்கிறவங்க வாங்க. ஒத்துக்காதவங்க கட்டாயம் வாங்க. கூரைப் பணத்தைப் பத்தியும் அங்கதான் பேசப் போறோம், எல்லார் முன்னாடியும்.

ஓம் சக்தி.

இப்படிக்கு,
சமையல்கூடத் தொண்டர்கள்