ரூ.6.64 லட்சம் கோடி முதலீடு: மாநாட்டு அறிவிப்பை எப்படிப் படிப்பது?

2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னை நந்தம்பாக்கத்தில் நடந்தது உலக முதலீட்டாளர்கள் மாநாடு. 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், ரூ.6,64,180 கோடி முதலீடு, நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 26.9 லட்சம் பேருக்கு வேலை என்று அரசு அறிவித்தது.

2015 மாநாட்டில் ரூ.2.42 லட்சம் கோடி, 2019-ல் சுமார் ரூ.3 லட்சம் கோடி. யார் ஆட்சியில் இருந்தாலும் எதிர்க்கட்சி 'வெள்ளை அறிக்கை எங்கே?' எனக் கேட்பது வழக்கம். சரி, இந்த மாநாடுகளை எப்படித்தான் எடை போடுவது?

புரிந்துணர்வு ஒப்பந்தம்னா என்ன?

வீடு பார்க்கப் போய், "பிடிச்சிருக்கு, வாங்கலாம்னு இருக்கோம்" என்று சொல்வது மாதிரிதான். அட்வான்ஸ் இன்னும் கைமாறவில்லை. நிலம், மின்சாரம், தண்ணீர், சுற்றுச்சூழல் அனுமதி, வங்கிக் கடன் எல்லாம் கூடி வந்தால்தான் ஆலை எழும். பின்வாங்கினாலும் பொதுவாக நிறுவனத்தைச் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாது.

வந்த முதலீடு எது?

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நல்ல உதாரணம். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4-ல் மின்சார கார் ஆலை திறப்பு. ஒன்றரை வருஷத்தில் காகிதம் கட்டடமாகிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தலைப்புச் செய்தியில் வந்த தொகை ரூ.16,000 கோடி. முதல் கட்டமாக 5 ஆண்டுகளில் போடுவதாக நிறுவனம் சொன்னது 50 கோடி டாலர், அதாவது சுமார் ரூ.4,000 கோடி. மீதி அடுத்தடுத்த கட்டங்களில்தான்.

பெரிய தொகைன்னா நிறைய வேலையா?

அப்படி இல்லை. டாடா பவர் அறிவித்தது ரூ.70,800 கோடி, வேலை சுமார் 3,800 பேருக்கு. டாடா எலக்ட்ரானிக்ஸ் அறிவித்தது ரூ.12,082 கோடி, வேலையோ சுமார் 40,000 பேருக்கு. சோலார், காற்றாலைக்குப் பணம் நிறைய வேண்டும், ஆள் குறைவாகப் போதும். போன் பாகங்கள் செய்யும் ஆலைக்குக் கைகள் வேண்டும். வேலை தேடும் இளைஞருக்கு முக்கியம் இரண்டாவது எண்தான்.

அப்போ மாநாடே வீணா?

அதுவும் இல்லை. அதே வாரம் காந்திநகரில் வைப்ரன்ட் குஜராத் மாநாடு நடந்தது. முதலீட்டுக்கு மாநிலங்கள் போட்டி போடும்போது ஒதுங்கி நிற்க முடியாது. அதே நேரம், எல்லா அறிவிப்பும் மாநாட்டால் வந்ததும் இல்லை. ஹூண்டாய் 1990-களிலிருந்தே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. அதன் ரூ.6,180 கோடி புதிய முதலீடும் இந்த மேடைக் கணக்கில்தான் வருகிறது.

அடுத்த மாநாட்டில் என்ன பார்க்கணும்?

* மொத்தத் தொகை இருக்கட்டும், முதல் கட்டத் தொகை எவ்வளவு?
* நேரடி வேலை எத்தனை?
* நிலம் ஒதுக்கியாச்சா?
* புது நிறுவனமா, பழைய நிறுவனத்தின் விரிவாக்கமா?
* போன மாநாட்டில் கையெழுத்தானதில் எத்தனை ஆலை ஓடுகிறது?

கடைசிக் கேள்விக்கு ஒப்பந்தம் வாரியாக, எல்லாரும் பார்க்கிற மாதிரி பதில் கிடைத்தால், வெள்ளை அறிக்கை கேட்கும் வேலையே இருக்காது.