ஆய்வுப் பணத்தின் கணக்கை ஊர்ப் பலகையில் எழுதுங்கள்: தென்னேரி மக்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுவோர்: இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், ஒன்றிய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை, ஆயுஷ் அமைச்சகம், தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை.

விடுப்போர்: தென்னேரியிலும் அதன் ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கும் ஊர்களிலும் வாழ்கிறவர்கள். எங்களில் பயிர்க்காரர்கள் உண்டு, கூலிக்குப் போகிறவர்கள் உண்டு, கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகள் உண்டு, பேச்சு வராத குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெரபிக்கு அலைகிற தாய்மார்கள் உண்டு.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் எங்களுக்கு வெகு தூரமில்லை. அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோயிலை ஒட்டி நடந்த கல்விச் சாலையையும், அதில் இருந்தவர்களுக்காக ஏற்பட்ட 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையையும் பற்றிச் சொல்கிறது. வயலைக்காவூரின் வருவாயிலிருந்து செலவு நடந்தது. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டன். அவருக்கு ஆண்டுக்கு நெல் 90 கலம், காசு 8. அறுவை செய்கிறவருக்கு நெல் 30 கலம். மூலிகை பறித்து வந்து மருந்து காய்ச்சுகிறவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் என்ன கொடுப்பது என்பதும், எந்தெந்த மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சுவரிலேயே வெட்டியிருக்கின்றன. அரசன் தன் பெருமைக்காக வெட்டிவைத்ததுதானே என்பீர்கள். இருக்கட்டும். பெருமையோடு தொகையையும் சேர்த்து வெட்டினான் அல்லவா?

உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொண்டால், மேடைக்கு மேடை குடவோலைத் தேர்தலைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். 919-லும் 921-லும் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்த விதிகளில் இன்னொன்றும் உண்டு: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி ஓலைக்குப் பெயர் கொடுக்க முடியாது. கைதட்டுகிறவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரையில் பலகை வைத்தார்கள். வேலையின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, தொடங்கிய தேதி எல்லாம் அதில் இருந்தன. மண் வெட்டுகிற வேலைக்கு இருந்த அந்த மரியாதை, எங்கள் ரத்தத்தையும் சளியையும் எடுத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு இல்லை. அந்த ஆராய்ச்சிக்கும் எங்கள் வரிப்பணம்தான் போகிறது. தீப்பெட்டி வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம். ஆக, பணமும் எங்களுடையது, உடம்பும் எங்களுடையது. முடிவு மட்டும் எங்களுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

இந்த மண்ணுக்கு மருத்துவ ஆராய்ச்சி புதிதல்ல. காஞ்சிபுரமும் திருவள்ளூரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த நாளில், 1968-இல், உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை இந்த மாவட்டத்தில் தொடங்கியது. நடத்தியது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறையும் கூட நின்றன. 1971-க்குள் ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கை நீட்டினார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

முதல் அறிக்கை 1979-இல் வந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றது. 15 ஆண்டு தொடர்ந்து பார்த்த முழு முடிவு 1999-இல் வெளியானபோதும் அதே கதைதான். எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஆனாலும் அதை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுவது மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயைத் தடுக்கத்தான், பெரியவர்களின் சளி நோய்க்கு அதை மட்டும் நம்பக் கூடாது என்ற தெளிவுக்கு இந்த மாவட்டத்துக் கைகள் பெரிய காரணம். தோற்ற ஆய்வையும் வெளியிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களிடம் இல்லை. அது உங்கள் சாதனையும்தான். ஆனால் அந்த அறிக்கைகள் ஆங்கிலத்தில், மருத்துவ இதழ்களில் வந்தவை. ஊசி போட்ட ஊர்களில் எத்தனை பேருக்கு அவற்றைப் படிக்க முடிந்திருக்கும்?

இதற்கு நேர் எதிரான பாடமும் நம் நாட்டிலேயே உண்டு. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளி வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். பாத் என்ற அமெரிக்க அமைப்பின் திட்டம், கேட்ஸ் அறக்கட்டளையின் பணம், கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்த மருந்து. அதில் ஆராய்ச்சி கவுன்சிலும் மாநில அரசுகளின் சுகாதாரப் பணியாளர்களும் பங்கேற்றார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணை சொல்லவில்லை. ஆனால் பெற்றோர் போட வேண்டிய ஒப்புதல் கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்தது வெளியே வந்தது. 2010-இல் திட்டம் நின்றது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72-ஆவது அறிக்கையில் எல்லாரையும் கடுமையாகச் சாடியது. நாங்கள் கவனிப்பது இதை: வெளியார் பணத்தில் நடக்கும் ஆய்வுக்குக்கூட அரசின் நர்ஸ், அரசின் குளிர்பெட்டி, அரசின் ஜீப் போகின்றன. ரொக்கமாகக் கொடுக்காவிட்டாலும் அதுவும் மானியம்தான். எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை. (அந்தத் தடுப்பூசியை நாங்கள் எதிர்க்கவில்லை. அந்தப் புற்றுநோய்க்குப் பெண்களைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு.)

எனவே கேட்கிறோம்.

முதலாவது, பெரியது, மற்றதெல்லாம் இதன் கிளைகள். உடல்நலம், மருந்து, தெரபி பற்றிய எந்த ஆய்வுக்கு அரசுப் பணம் போனாலும், யாருக்கு, எந்த நிறுவனத்துக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, எந்தக் கேள்விக்கு விடை தேட என்பதை ஒப்பளிப்பு ஆணை வந்த 30 நாளுக்குள் வெளியிட வேண்டும். மருத்துவச் சோதனைகளுக்கு 2007 முதல் ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. 2009 முதல் அதில் பதிவது கட்டாயம். பணம் கொடுப்பவர் யார் என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது, எவ்வளவு என்று கேட்கும் கட்டம் இல்லை. அதைச் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் எதற்கு? அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகங்கள் தாம் கொடுக்கும் மானியம் ஒவ்வொன்றையும் ஆய்வாளர் பெயரோடும் தொகையோடும் யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. அதனால் அங்கே ஆராய்ச்சி படுத்துவிடவில்லை.

மானியம் வாங்கியவர் ஆண்டுதோறும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள நிதி விதி. அலுவலகத்தில் யூ.சி. என்பார்களே, அதேதான். அந்தத் தாள் கோப்பில் கிடக்கிறது. அதையும் வெளியே வையுங்கள். புதிதாக ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

முடிவு வெற்றியோ தோல்வியோ, ஆய்வு முடிந்த 12 மாதத்துக்குள் சுருக்கம் வர வேண்டும். 2017 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் முன்னெடுத்த கூட்டறிக்கையில் இதற்கு இணங்கிக் கையெழுத்திட்ட அமைப்புகளில் நம் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் ஒன்று. கொடுத்த வாக்கைத்தான் கேட்கிறோம்.

சித்த மருத்துவத்துக்கும் இதே விதி. எங்கள் வீடுகளில் நிலவேம்பும் கபசுரக் குடிநீரும் காய்ச்சாத வீடு இல்லை, அவற்றின் மேல் எங்களுக்கு அன்பு உண்டு. அன்பு இருப்பதாலேயே கேட்கிறோம்: கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீர் பற்றி அரசுப் பணத்தில் நடந்த ஒவ்வொரு ஆய்வுக்கும் எவ்வளவு செலவானது, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், என்ன தெரிந்தது என்பதை ஒரே இடத்தில் தமிழில் வையுங்கள். மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இதில் மற்றவர்களுக்கு முன்னோடியாக நிற்கலாம். நம் வைத்தியம் என்பதால் சலுகை வேண்டாம், நம் வைத்தியம் என்பதால் இளக்காரமும் வேண்டாம்.

தெரபி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வளர்ச்சி தாமதமான குழந்தையை வைத்திருக்கும் தாய் முட்டுக்காட்டுக்கும் சென்னைக்கும் பஸ் மாறி மாறிப் போகிறாள். போகிற இடத்தில் ஒருவர் பேச்சுப் பயிற்சி என்கிறார், ஒருவர் புலன் பயிற்சி என்கிறார், ஒருவர் லட்சக்கணக்கில் கேட்டு ஸ்டெம்செல் என்கிறார். எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று அவளுக்கு யார் சொல்வது? பக்கவாதம் வந்து படுத்தவருக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார், அது 2021 முதல் நடக்கிற நல்ல காரியம். வாரத்துக்கு எத்தனை முறை வந்தால் கை கால் திரும்பும் என்பதை அரசுப் பணத்தில் யாராவது ஆராய்ந்திருந்தால் அந்த விடை முதலில் வர வேண்டிய இடம் அந்த வீட்டுத் திண்ணை. ஆகவே தெரபி ஆய்வுகளின் முடிவுகளை, பலன் இல்லை என்ற முடிவுகள் உட்பட, தனிப் பட்டியலாகத் தமிழில் கேட்கிறோம்.

ஒப்புதல் படிவத்தில் பணம் கொடுப்பவரின் பெயரும் தொகையும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். குழந்தைக்குப் பெற்றோரைத் தவிர வேறு எவரும் கையெழுத்துப் போடக் கூடாது. பெற்றோர் இல்லாத குழந்தைக்குச் சட்டப்படியான காப்பாளர் மட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: ஆய்வில் சேர்ந்தவர் பெயர், நோய், வீட்டு முகவரி வெளியே வரவே கூடாது. காசநோய், எச்.ஐ.வி. என்றால் ஊரில் என்ன பேச்சு வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மறைப்பைக் காட்டி மானியத் தொகையையும் வாங்கியவர் பெயரையும் மறைக்கக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவைத் திருத்தியதிலிருந்து அப்படி மறைத்துவிடுவார்களோ என்ற பயம் கூடியிருக்கிறது. பொதுப் பணம் வாங்கியவரின் பெயர் தனிநபர் ரகசியம் ஆகாது என்று சுகாதாரத் துறை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

மனுப் போட்டுக் கேட்கலாமே என்பீர்கள். நாட்டிலேயே முதலில், 1997-இல், தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் எங்களுடையது. 2005-ஆம் ஆண்டின் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடவும் தெரியும், முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று ஓடவும் தெரியும். அதே சட்டத்தின் நான்காம் பிரிவு வேறு வழி சொல்கிறது: யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும், அந்தந்த ஊர் மொழியைக் கருத்தில் கொண்டு வெளியிட வேண்டும். அறிவிப்புப் பலகையும் அதில் சொல்லப்பட்ட வழிகளில் ஒன்று. எனவே மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தால் அதன் விவரம் அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் பலகையில் இருக்க வேண்டும். ஆய்வுக் குழுவிலிருந்து ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கிராமசபைக்கு வந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கின்றன. வசதியான நாளை அவரே தேர்ந்துகொள்ளட்டும். டீ நாங்கள் கொடுக்கிறோம்.

அரசிடம் பெருமளவு நிதி வாங்கும் தனியார் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் சொல்லிவிட்டது. ஆய்வு மானியம் வாங்கும் தனியார் மருத்துவக் கல்லூரிகள், தாங்கள் அந்த வரம்புக்குள் வருகிறோமா இல்லையா என்று வழக்காடிக்கொண்டிராமல், வாங்கிய பணத்துக்காவது கணக்கை வெளியிடுவதை மானியத்தின் நிபந்தனையாகவே எழுதிவிடுங்கள்.

இந்தச் சாசனத்தின் நகல்களை மேலே சொன்ன நான்கு அலுவலகங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைக்குமாறு ஊராட்சியையும் கேட்டுக்கொள்கிறோம். பதில் தமிழில், எழுத்தில், ஊராட்சி அலுவலக முகவரிக்கு வர வேண்டும். வருகிற பதிலை, அது எப்படி இருந்தாலும், பஸ் நிறுத்தத்தில் ஒட்டுவோம்.