குழந்தை மருத்துவர் நம் மஹல்லாவுக்கும் வரவேண்டும்

 

2017 பிப்ரவரியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடும் பணி தமிழகத்தில் தொடங்கியது. கூடவே வாட்ஸ்அப்பில் வதந்திகளும் பரவின. நம் தெருக்களும் அதற்கு விலக்காக இருக்கவில்லை. பிள்ளைக்கு ஊசி போடலாமா என்று வளைகுடாவிலுள்ள தந்தையைக் கேட்டால், அதே வதந்தி அவரையும் முன்பே சென்றடைந்திருந்தது. தடுப்பூசி கையருகே இருந்தது. நம்பிக் கேட்பதற்கு முகமறிந்த குழந்தை மருத்துவர்தாம் இல்லை.

1959-இல் தொடங்கப்பட்ட தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவ மேற்படிப்புப் பயில்வோர் நோயறிந்து மருந்தளிக்கக் கற்கிறார்கள். ஆனால், வயிற்றுப்போக்குக் குணமாகி வீடு திரும்பிய குழந்தை அடுத்த மாதமே மீண்டும் வந்தால், காரணத்தை வார்டில் காண முடியாது. அது சாக்கடையை ஒட்டிக் குடிநீர்க் குழாய் செல்லும் தெருவில் இருக்கக்கூடும். அத்தெருவை நேரில் கண்டு, பேரூராட்சியிடம் அக்குழந்தைக்காகப் பேசுவதும் மருத்துவரின் கடமையே.

இதற்கு விதியிலும் இடமுண்டு. முதுநிலை மருத்துவ மாணவர்கள் 3 மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற விதி 2020-இல் வந்தது. சுகாதாரத் திட்டங்கள் மக்களிடையே நடைபெறும் விதத்தை அறிவதும் அதன் நோக்கம். அந்த 3 மாதமும் மற்றொரு வார்டிலேயே கழிந்துவிட்டால் அந்நோக்கம் நிறைவேறாது. வாரம் ஒரு நாளேனும் அவர்கள் கிராமச் சுகாதாரச் செவிலியருடன் ராஜகிரி, அய்யம்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் அங்கன்வாடிகளுக்கும் வீடுகளுக்கும் வரவேண்டும்.

‘வார்டிலேயே மருத்துவர் போதவில்லையே’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும், தட்டம்மை வராமல் காக்கப்பட்ட பிள்ளைக்கு அந்நோய்க்கான படுக்கையே தேவைப்படாது.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஜமாஅத் நிர்வாகிகள் கல்லூரி முதல்வருக்கு அழைப்புக் கடிதம் எழுதலாம். மதரஸா கூடத்தை ஒரு முற்பகலுக்குத் திறந்துவிடலாம். தாய்மார்கள் தயங்காமல் கேள்வி கேட்கத் தனி நேரம் ஒதுக்கலாம். ஜும்ஆவில் இமாம் ஒருமுறை அறிவித்தால் வதந்தியின் பாதி பலம் குன்றிவிடும். பயிற்சி மருத்துவர்களும் நம் வாழ்க்கையை நேரில் அறிவார்கள்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தைப் பற்றி மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம். அடுத்த வதந்தி நம் கைப்பேசிக்கு வருமுன், மருத்துவர் நம் தெருவுக்கு வந்திருக்கட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.