மாத்தளையின் மழையும் வீதியும்

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில் மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வரை செல்லும் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீற்றர் தூரத்துக்குள் சீதோஷ்ணம் மாறிக்கொண்டே வருகிறது. தெற்கே மிளகும் சாதிக்காயும் கராம்பும் கொக்கோவும் ஈர நிழலில் செழித்திருக்க, அலுவிகாரையையும் நாலந்தாவையும் கடந்து நாவுலையை அடையும்போது காற்றில் வறட்சி தட்டி, தம்புள்ளையை நெருங்கும்போது குளத்து நீரை நம்பி வாழும் உலர்வலயத்து வயல்களும் பெரிய வெங்காயப் பாத்திகளும் கண்ணுக்குப் புலனாகின்றன. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் தென்மேல் பருவக்காற்றுக்கும் வடகீழ்ப் பருவக்காற்றுக்கும் குறுக்கே நிற்பதால், மேற்குச் சரிவில் மழை கொட்டும் மாதங்களில் மலைக்கு அப்பால் லக்கல, வில்கமுவப் பக்கங்களில் உழவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை வகை விளைபொருளை 1,993 சதுர கிலோமீற்றர் பரப்புக்குள் தரவல்ல மாத்தளை மாவட்டம் செல்வத்தில் ஏன் முன்னணிக்கு வரவில்லை என்ற கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும். மழை குறைந்தது காரணமன்று என்பதும், இங்கே அமைந்த போக்குவரத்துச் சாதனங்கள் யாருடைய பிரயோஜனத்தைக் கருதி அமைந்தன என்பதிலேயே விடை இருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

மாத்தளையின் வீதிச் சரித்திரம் ஒரு கலகத்தோடு பின்னிக்கிடக்கிறது. கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டில் பரவிய காலத்தில், விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு ஏற்றிச்சென்ற மாட்டு வண்டிகள் மழைக்காலச் சேற்றில் அச்சு முறிந்து கிடக்க, தோட்டத் துரைமார் வீதி வேண்டும் என்று அரசாங்கத்தை நெருக்கினார்கள். அந்த வீதிக்கான உழைப்பைக் குடிமக்களிடமிருந்தே பெறுவது என்று தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ராஜாங்கம் 1848இல் தீர்மானித்தது. வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் வருஷத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கு ஈடாக மூன்று ஷில்லிங் செலுத்தவேண்டும் என்ற கட்டளை, துப்பாக்கி வரி, நாய் வரி முதலிய புதிய வரிகளோடு சேர்ந்து வந்தபோது, தன் வயலுக்கு எவ்வகையிலும் உதவாத ஒரு வீதிக்குத் தான் ஏன் கல் சுமக்கவேண்டும் என்று கண்டிய உழவன் கேட்டதில் அநியாயம் ஏதும் இல்லை. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் அரசனாக முடிசூட்டப்பட, கலகக்காரர் மாத்தளைக்குள் புகுந்தார்கள். ஆகஸ்ட் மாதத்தில் கலகத் தலைவர்களுள் ஒருவனான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். மாத்தளைக் கலகத்துக்குக் காரணங்கள் பல உண்டு. எனினும் வீதி வரி அவற்றுள் முக்கியமான ஒன்று என்பதை இன்று புதிய நெடுஞ்சாலைகளைத் திட்டமிடுவோர் மறந்துவிடலாகாது.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் அந்த வடக்கு வழியாகத்தான் மலையகத் தமிழரான நம் முன்னோரும் வந்தார்கள். கோப்பிப் பழம் வருஷத்தின் ஒரு பருவத்தில் ஒருசேரப் பழுப்பது. ஆகவே அதைப் பறிக்க ஆயிரக்கணக்கான கைகள் சில மாதங்களுக்கே தேவைப்பட்டன. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் பஞ்சம் தலைதூக்கிய ஆண்டுகளில் கங்காணிமாரோடு புறப்பட்டு, கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, நீர் அரிதான காட்டு வழியில் நாட்கணக்காக நடந்து தம்புள்ளை தாண்டி மாத்தளையை அடைந்த அந்தக் கூட்டங்களில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே வீழ்ந்தோர் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு எவரிடத்தும் இல்லை. பிழைத்துவந்தோர் மலையைக் கண்டு மூச்சுவிட்ட முதல் பட்டணம் மாத்தளை. பின்னாளில் கோப்பி அழிந்து, ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது, பருவத்துக்கு வந்து திரும்பிய கூலிகள் லயன்களில் நிரந்தரமாகத் தங்கினார்கள். ஒரு செடி எந்த மாதத்தில் காய்க்கிறது என்ற சீதோஷ்ண விஷயம், ஒரு ஜனசமூகம் எந்த நாட்டில் குடியிருக்கும் என்பதையே தீர்மானித்திருக்கிறது.

1867இல் கொழும்பிலிருந்து கண்டியை எட்டிய புகையிரதம் 1880இல் மாத்தளைக்கு நீண்டது. கோப்பி ஏற்றுவதற்கென்றே கோரப்பட்ட பாதை அது. ஆனால் ஈரமான காற்றில் பெருகும் இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டுத் தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்தமையால், தண்டவாளம் மாத்தளையைத் தொட்ட வேளையில் கோப்பியின் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. தோட்ட முதலாளிகள் கொக்கோவுக்கும் தேயிலைக்கும் பிறகு இறப்பருக்கும் மாறினார்கள். பாதை மாத்திரம் மாத்தளையில் நின்றுவிட்டது. வடக்கே செல்லவேண்டிய இருப்புப்பாதை பொல்காவலையிலிருந்து குருநாகல், மாகோ, அநுராதபுரம் வழியாக வேறு திசையில் போடப்பட்டு 1905இல் யாழ்ப்பாணத்தை இணைத்தபோது, தம்புள்ளை இரண்டு பாதைகளுக்கும் இடையே விடுபட்டது. துறைமுகத்துக்குப் போகும் சரக்கை எங்கே ஏற்றலாம் என்று மட்டுமே பார்த்தவர்கள் வரைந்த படம் அது. சுதந்திரம் பெற்றுப் பல தசாப்தங்கள் ஆன பின்னும் அந்தப் படத்தை நாம் திருத்தவில்லை.

நீருக்கு வழி அமைப்பதில் நாம் காட்டிய துணிவு இதற்கு முற்றிலும் மாறானது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறக்குறைய எட்டு கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவெல மின்நிலையத்துக்கு இறக்கி, சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் சேர்த்து, போவத்தென்னையில் மீண்டும் பிரித்து உலர்வலயத்துக்கு அனுப்பிய வேலை, ஈரமலையின் மழையை வறண்ட நிலத்துக்குச் சுமந்து சென்ற மகத்தான போக்குவரத்து அல்லாமல் வேறென்ன? மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்கள் அதன் தொடர்ச்சி. நீரை மலை குடைந்து கொண்டுபோகத் தெரிந்த தேசம், அந்த நீரால் விளைந்த மரக்கறியைக் கெடாமல் கொண்டுபோகத் தெரியாமல் நிற்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

1999இல் திறக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவிரவாக லொறிகள் வருகின்றன. நுவரெலியாவின் கோவாவும் கரட்டும், வெலிமடையின் உருளைக்கிழங்கும், யாழ்ப்பாணத்து விளைவும் அங்கே வந்து, விலை பேசப்பட்டு, அவற்றிற் பெரும்பகுதி மீண்டும் தெற்கே கொழும்பை நோக்கித் திரும்புகிறது. கண்டலாமைக் குளத்தருகே விளைந்ததும் பண்டாரவளையில் விளைந்ததும் ஒரே கூரையின் கீழ் ஒரே சாக்கு அடுக்கில் நசுங்குகின்றன. சந்தை ஏற்பட்டதால் உழவன் தனித்தனி வியாபாரியின் கருணையை எதிர்பார்த்து நின்ற நிலை ஓரளவு மாறியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொருளை வைத்திருந்து விற்கும் வசதி இல்லாதவனுக்குச் சந்தையின் நெருக்கம் மட்டும் பலம் ஆகாது. பெரிய வெங்காயத்தைப் பாருங்கள்: சிறுபோகத்தில் நட்டு ஆவணி, புரட்டாசியில் கிண்டி எடுக்கும் அந்தப் பயிருக்கு அறுவடை நேரத்தில் நல்ல வெயில் வேண்டும், அப்போது எதிர்பாராத மழை பெய்தால் அழுகுகிறது, பெய்யாமல் நன்றாக விளைந்தாலோ, அதே வாரங்களில் துறைமுகத்தில் இறங்கும் இறக்குமதி வெங்காயம் விலையைத் தரையில் தள்ளிவிடுகிறது. கலேவெலையிலும் தம்புள்ளையிலும் வெங்காயக்காரன் வானத்துக்கும் கப்பலுக்கும் இடையே அகப்பட்டிருக்கிறான். 2025 ஏப்ரலில் இந்தியாவின் உதவியோடு தம்புள்ளையில் 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுள்ள, வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியம் திறக்கப்பட்டது. நெடுநாள் தேவை ஒன்றின் ஒரு பகுதி அதனால் நிறைவேறியிருக்கிறது.

மலைப்பக்கத்தின் குறை வேறு விதமானது. இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் உக்குவெலையிலும் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் மிளகுக்காரனுக்கு விளைச்சலுக்கு உதவும் அதே ஈரம் உலர்த்தும் வேளையில் சத்துருவாகிறது. முற்றத்தில் பரப்பிய மிளகு பூஞ்சணம் பிடிக்கும் என்ற அச்சத்தில் பச்சையாகவே வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறான். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்க, அங்கே கிடைக்கும் அறிவு மேட்டுத் தோட்டத்துக்கு ஏறிச்செல்ல ஒரு நல்ல வண்டிப்பாதை இல்லை. தோட்டத்து வீதிகளின் கதை இன்னும் துயரமானது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றதால், வரிப்பணத்தில் போடும் பாதை தோட்ட எல்லையிலேயே முடிந்துபோயிற்று. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியும் அந்தப் பாதைகள் பலவற்றில் மதகும் வடிகாலும் இன்றும் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி இக்குறைகள் அனைத்தையும் ஒரே வாரத்தில் அம்பலப்படுத்தியது. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்தப் பேரழிவில் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. மண் சரிந்து வீதி அறுந்தபோது விளைவோடு சேர்த்து நோயாளியும் பள்ளிப் பிள்ளையும் மலையிலேயே சிறைப்பட்டார்கள். அநுபவம் மிக்க எந்த மலைநாட்டுக் கிழவரைக் கேட்டாலும் சொல்வார்: சரிவில் வெட்டிய வீதிக்கு உயிர் தாரில் இல்லை, நீர் வடியும் கானில்தான் இருக்கிறது. கான் அடைபட்ட இடத்தில் மழைநீர் வீதியையே ஆறாக்கிக்கொள்கிறது. மழையின் போக்கு முன்போல் இல்லாமல், ஒரு மாதத்து மழை சில நாளில் கொட்டும் காலம் வந்துவிட்டதனால், பழைய அளவுக்குக் கட்டிய மதகுகள் இனித் தாங்கமாட்டா.

மீரிகமையிலிருந்து குருநாகல் வரை 2022இல் திறக்கப்பட்ட மத்திய அதிவேக நெடுஞ்சாலை ஒருநாள் தம்புள்ளை வரை நீளும் என்கிறார்கள், நீளட்டும். ஆனால் மரக்கறி கெடுவது பாத்தியிலிருந்து பெருவீதியை அடைவதற்குள் உள்ள முதல் சில கிலோமீற்றர்களில் என்பதால், அதிவேகம் அந்த நஷ்டத்தை மீட்டுத்தராது. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் ராஜாங்கத்தையும் மத்திய மாகாண நிர்வாகத்தையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நெடுஞ்சாலைக்கு ஒதுக்கும் பணத்துக்கு முன்னதாக இரத்தோட்டை, லக்கல, உக்குவெலத் தோட்ட வீதிகளின் கான்களுக்கும் தாங்குசுவர்களுக்கும் பணம் ஒதுக்குங்கள், மிளகும் சாதிக்காயும் உலர்த்தப் பொதுக் கூடங்களைக் கிராமந்தோறும் கட்டுங்கள், 1880இல் மாத்தளையில் நின்றுபோன தண்டவாளத்தைத் தம்புள்ளைச் சந்தை வரை கொண்டுசெல்வது சாத்தியமா என்று இந்த ஆண்டிலேயே அளந்து பாருங்கள்.