வெப்பக் கணக்கு எழுதாத வெல்டிங்குக்குக் காசு கொடுக்கலாமா?

தராசில் கை வைத்தால் வாடிக்கையாளர் அன்றே கண்டுபிடித்து விடுவார். ஒட்டிய குழாய்க்குக் கொடுத்த சூட்டில் கை வைத்தால், குழாய் வெடிக்கும் நாளில்தான் தெரியவரும்.

புளியங்குளத்தில் இருந்து வன்னியின் எந்தப் பக்கம் போனாலும் வயல்தான். நெல் இருந்தால் ஆலை வேண்டும். புழுங்கல் அரிசிக்கு நீராவியும் பொயிலரும் வேண்டும். ஆகவே இது நமது வியாபாரத்தோடு சம்பந்தப்பட்ட விடயம் என்றே நான் கருதுகிறேன்.

தடித்த குழாயை ஒட்டி அது ஆறும்போது உருக்கினுள் இறுக்கம் தங்கிவிடுகிறது. சில உருக்கு நொறுங்கும் தன்மையையும் பெறுகிறது. அதைப் போக்க ஒட்டிய இடத்தை மெதுவாகச் சூடாக்கி, குறித்த நேரம் வைத்திருந்து, மெதுவாக ஆறவிட வேண்டும். சாதாரண கார்பன் உருக்குக்கு ஏறத்தாழ 600 முதல் 650 பாகை செல்சியஸ். 25 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் என்பது வழமையான கணக்கு. அனல்மின் நிலையங்களில் பாவிக்கும் பி-91 என்ற குரோமிய உருக்குக்கு 730 முதல் 770 வரை. சூடு குறைந்தால் நொறுங்கும் தன்மை போகாது. எல்லை மீறிக் கூடினால் உருக்கின் பலமே போய்விடும்.

நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லும் பாஸ்மார் உண்டு. அவர்களது அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் வெயிலில் தெரியும் நிறம் வேறு, நிழலில் தெரியும் நிறம் வேறு. சூட்டுக்கு உருகும் சோக்கும் அந்தச் சூடு வந்ததா என்று காட்டுமே தவிர, எவ்வளவு நேரம் நின்றது என்று காட்டாது. அதற்குத் தெர்மோகப்பிள் கம்பியும் பதிவுக் கருவியும் வேண்டும். படுக்கையான பெரிய குழாயில் சூடு மேலேறும். எனவே கம்பியை மேலும் கீழும் பொருத்த வேண்டும். கம்பி நுனி குழாயை விட்டு ஹீற்றரைத் தொட்டால், பதிவாவது ஹீற்றரின் சூடுதான்.

சிறிய ஆலைப் பொயிலரின் மெல்லிய சாதாரண உருக்குக் குழாய்களுக்கு இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது. தேவையில்லாததற்குக் காசு கொடுக்கவும் வேண்டாம். தேவையா இல்லையா என்பதைத் தகுதியுள்ள பொறியியலாளர் சொல்லட்டும். விலை கேட்கும் நாமோ, ஒட்டுபவரோ தீர்மானிக்கக்கூடாது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொயிலர் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருப்பதையும் மறக்க வேண்டாம்.

தேவை என்றால் மூன்றைக் கேளுங்கள்: சூடு ஏறி, நின்று, இறங்கியதைக் காட்டும் பதிவுத் தாள், கருவி சரிபார்க்கப்பட்டதற்கான சான்றிதழ், வேலைக்குப் பிந்திய கடினத்தன்மைப் பரிசோதனை முடிவு. குறைந்த விலைக்கு வருபவர் பெரும்பாலும் இவற்றைத்தான் விட்டுவிடுகிறார்.

பொயிலருக்குப் பக்கத்தில் நிற்பவர் முதலாளியல்ல, தினக்கூலித் தொழிலாளி. அவரது உயிர் நம்மிடம் உள்ள அமானிதம். அந்தத் தாளைக் கேட்டு வாங்குவதை வியாபார ஒழுக்கத்தில் ஒன்றாகவே நாம் கொள்ள வேண்டும்.