கரை இறங்கும் நாள்

நடு இரவில் பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தேன். "ஒன்பதாவது புக்க முடிச்சிட்டேன்ப்பா. இப்படியா முடிப்பாங்க? அத்தனை வருசம் ஒண்ணா இருந்தவங்கள ஆளுக்கொரு பக்கமா அனுப்பிட்டாங்களே" என்றாள். நான் அந்தப் புத்தகத்தை முடித்து நான்கு நாள் ஆகியிருந்தது. தூத்துக்குடி வீட்டு மாடியில் விளக்கைப் போட்டுக்கொண்டு, முதல் பேருந்து கிளம்பும் சத்தம் கேட்கிறவரை பேசினோம். அவள் கோபம் தீரவில்லை. எனக்கும் சொல்ல வேண்டியது மிச்சம் இருந்தது.

ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி எழுதிய 'தி எக்ஸ்பான்ஸ்' விண்வெளி நாவல் வரிசையைத்தான் சொல்கிறேன். 2011இல் 'லெவியாத்தன் வேக்ஸ்' என்று தொடங்கி, 2021 நவம்பர் 30 அன்று 'லெவியாத்தன் ஃபால்ஸ்' என்ற ஒன்பதாவது நாவலோடு முடிந்தது. கோரி என்பது டேனியல் ஆபிரகாம், டை ஃப்ராங்க் என்ற இருவர் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, நாவலை முடித்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

வணிகக் கப்பல்களின் என்ஜின் ரூமில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். ஜூனியர் என்ஜினீயராக ஏறி, சீஃப் என்ஜினீயராக இறங்கினேன். விண்வெளிக் கதை என்றால் பேரரசும் இளவரசனும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, முதல் நாவலின் தொடக்கமே நெருக்கமாக இருந்தது. சனிக் கோளின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி ஏற்றிவரும் 'கேன்டர்பரி' என்ற பழைய சரக்குக் கப்பல். அதில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆட்கள். அந்தக் கப்பல் தகர்க்கப்பட்ட பிறகு தப்பியவர்களில் நான்கு பேர் ஒரு குடும்பமாகிறார்கள்: ஹோல்டன், என்ஜினீயர் நவோமி, மெக்கானிக் ஏமஸ், பைலட் அலெக்ஸ். அலெக்ஸ் கமால் செவ்வாயில் வளர்ந்தவன். இந்தியரும் சீனரும் டெக்சாஸ்காரரும் குடியேறிய பள்ளத்தாக்கு அவன் ஊர். முகம் நம் பக்கத்து முகம், பேச்சு டெக்சாஸ் பேச்சு. செவ்வாய்ப் படையின் சிறிய போர்க்கப்பல் ஒன்று இவர்கள் கைக்கு வர, அதற்கு 'ரோசினான்டே' என்று பெயர் வைக்கிறார்கள். அதில் பழுது பார்க்கிறார்கள், காப்பி போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஆறாவது நாவலுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் சுமார் 30 வருடம் ஓடிவிடுகிறது. எல்லோருக்கும் முடி நரைக்கிறது. என் வயதுக்காரர்கள் ஆகிவிட்ட பிறகுதான் அவர்கள் எனக்கு முழுதாகப் புரிந்தார்கள்.

கதை போய் நிற்கும் இடம் இது. 1,300க்கும் மேற்பட்ட சூரியக் குடும்பங்களை இணைக்கும் வாயில்கள் மனிதருக்குத் திறந்து கிடக்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் எப்போதோ அழிந்துபோனார்கள். கட்டியவர்களை அழித்த சக்தி இப்போது மனிதரை நோக்கித் திரும்புகிறது. அதை எதிர்க்க, மனித மனங்கள் அனைத்தையும் ஒரே மனமாக இணைத்துவிட வேண்டும் என்கிறான் லகோனியப் பேரரசன் டுவார்ட்டே. ஹோல்டன் இரண்டையும் தடுக்கிறான். எல்லா வாயில்களையும் என்றென்றைக்குமாக மூடிவிட்டு, அந்த மூடலுக்குள்ளேயே தானும் போய்விடுகிறான். அலெக்ஸ் தன் மகன் இருக்கும் நியூவெஸ்டாட் பக்கம் ரோசினான்டேயைத் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறான். நவோமியும் ஏமஸும் நம் சூரியன் பக்கம் திரும்புகிறார்கள். இனி யாரும் யாரையும் பார்க்க முடியாது.

இந்த முடிவைப் பற்றி என் மகளிடமும் அவள் தோழிகளிடமும், நாவல் படிக்கும் என் பழைய கப்பல் நண்பர்களிடமும் கேட்டவற்றில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வந்தன.

முதல் குறை: அழிக்க வரும் அந்தச் சக்தி யார், அதற்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. ஒன்பது நாவல் காத்திருந்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் எனக்கு ஓர் இரவு ஞாபகம் வருகிறது. தென்னாப்பிரிக்கக் கரையோரம் மேற்கே போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு அலை முன்தளத்தில் ஏறி, இரும்புக் கைப்பிடிகளை முறுக்கிப் போட்டுவிட்டுப் போனது. அகுல்ஹாஸ் நீரோட்டமும் எதிர்த்து வரும் தென்மேற்கு அலைகளும் மோதும் இடத்தில் அப்படிப்பட்ட ராட்சத அலை எழும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த இரவில் அந்த விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. வேகத்தைக் குறைப்பதா, திசையை மாற்றுவதா என்பதுதான் கேள்வி. இந்த நாவலின் மனிதர்கள் அந்த இரவுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாததை ஆசிரியர்கள் நமக்கு மட்டும் காதில் சொல்லியிருந்தால், அவர்களுடைய பயத்தை நாம் பகிர்ந்துகொண்டிருக்கவே முடியாது.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. முதல் நாவலில், கேன்டர்பரி அழிந்ததும் தெரிந்ததையெல்லாம் ஊருக்கே ஒலிபரப்பியவன் ஹோல்டன். எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும், அவரவரே முடிவெடுக்க வேண்டும் என்று நம்பியவன். அவன் கடைசியில் கோடானுகோடிப் பேரின் தலைவிதியைத் தனியாளாகத் தீர்மானிக்கலாமா? சொந்தமாக உணவு விளைவிக்க முடியாத புதுக் குடியேற்றங்கள் என்ன ஆகும்? என் மகள் இதைக் கேட்டபோது உடனே பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ஈரோஸ் சிறுகோளில் 15 லட்சம் பேரை உருக்கித் தின்ற அந்த அந்நிய மூலக்கூறைத்தான் ஹோல்டன் வாழ்நாள் முழுதும் அஞ்சினான். அதையே தன் உடம்பில் ஏற்றிக்கொண்டுதான் வாயில்களை மூடுகிறான். நல்ல வழி எதுவும் மிச்சமில்லாத இடத்தில், இருப்பதிலேயே பெரிய விலையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். அது சரி என்று ஒப்புக்கொள்ளும்படி நாவல் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. நம் மனத்தில் உறுத்தலை விட்டுவிட்டுப் போகிறது. அந்த உறுத்தலைக் குறை என்று நான் எண்ணவில்லை.

மூன்றாவது குறைதான் மகளை அழ வைத்தது: பிரிவு. நான் மாறுபடுவதும் இங்கேதான்.

கப்பலில் ஒப்பந்தம் முடிந்து இறங்குவதை 'சைன் ஆஃப்' என்போம். ஒன்பது மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள், ஒரே வாட்சில் நின்றவர்கள், ஒரு துறைமுகத்தின் படிக்கட்டில் கை குலுக்கிவிட்டுப் பிரிவோம். 'மறுபடி பார்ப்போம்' என்று சொல்வோம். பெரும்பாலும் பார்ப்பதில்லை. கடைசியாக நான் இறங்கியபோது, ரத்னகிரிக்காரரான ஃபிட்டர் லேத்தில் கடைந்த சிறிய பித்தளை பொல்லார்டு ஒன்றை, கப்பல் கயிறு கட்டும் கம்பத்தின் குட்டி வடிவத்தை, என் கையில் வைத்தார். கழிவில் கிடந்த உருளையைக் கடைந்து, பளபளவென்று தேய்த்திருந்தார். அவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. கப்பலையும் அலங் கப்பல் உடைப்புத் தளத்தில் உடைத்துவிட்டார்கள். பிரிந்ததால் அந்த ஒன்பது மாதம் வீணாகிப் போனதா? அலெக்ஸ் தனியாகப் போகும் பக்கங்களைப் படித்தபோது எனக்குப் படிக்கட்டின் ஈரமும் டீசல் வாடையும் வந்தன. உழைத்துச் சேர்ந்த மனிதர்கள் இப்படித்தான் பிரிவார்கள். நால்வரையும் கடைசியில் ஒரே மேசையில் உட்காரவைத்து முடித்திருந்தால் எனக்கும் அந்த நிமிடம் இனித்திருக்கும். ஆனால் நம்பியிருக்க மாட்டேன்.

வாசகர்களின் கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது அன்பின் கோபம். 2018 மே மாதம் இந்தக் கதையின் தொலைக்காட்சித் தொடர் மூன்றாவது சீசனோடு நிறுத்தப்பட்டபோது, ரசிகர்கள் பணம் போட்டு, அமேசான் ஸ்டுடியோவுக்கு மேலே பதாகை கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அதே மாதம் அமேசான் தொடரை எடுத்துக்கொண்டது. மொத்தம் 62 பகுதிகள் ஓடி, 2022 ஜனவரியில் ஆறாவது நாவலின் கதையோடு அது நின்றுவிட்டது. மீதி மூன்று நாவல்களின் முடிவு புத்தகம் படித்தவர்களிடம் மட்டுமே இருக்கிறது. அதனாலேயே அதை அவர்கள் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. என் அம்மாவிடம் 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் கிழித்து பைண்டு செய்த தொகுதிகள் இருந்தன. தொடர் 1954இல் முடிந்தபோது, சட்டென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கோரி இருவரும் கடைசி நாவலுக்குப் பிறகு 2022இல் ஒரு குறுநாவல் எழுதினார்கள்: 'தி சின்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்'. வாயில்கள் மூடிய பிறகு, துண்டிக்கப்பட்ட ஒரு குடியேற்றத்தில் நடக்கிறது. அதன் நாயகன் ஃபிலிப், நவோமியின் மகன். அவன் செத்துவிட்டான் என்றுதான் நவோமி நினைத்திருந்தாள். அவன் உயிரோடு இருப்பது நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவே தெரியாது. கல்கி வாசகரின் மனத்தை ஆற்றினார். இவர்கள் விடையைக் கொடுத்து, வலியையும் கூடவே வைத்தார்கள்.

கடைசி நாவலின் இறுதிப் பக்கங்கள் ஆயிரம் வருடம் தாண்டிப் போகின்றன. வேறொரு சூரியனிலிருந்து, மனிதர் தாமே கண்டுபிடித்த வழியில், ஒரு கப்பல் பூமிக்கு வருகிறது. அதில் வருபவர் படை வீரர் அல்ல, ஒரு மொழியியலாளர். வரவேற்க நிற்பவர், இத்தனை காலம் கழித்தும் உயிரோடிருக்கும் நம் ஏமஸ். துண்டித்துப் போனவர்கள் மறுபடி முதலில் செய்ய வேண்டிய வேலை ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொள்வது. இதைவிடக் கண்ணியமான முடிவை நான் படித்ததில்லை.

பொங்கலுக்கு மகள் வந்திருந்தாள். என் மேசையில் ஒன்பதாவது புத்தகத்தின் மேல் அந்தப் பித்தளை பொல்லார்டு இருந்தது. அதை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டே, "நவோமிக்குக் கடைசிவரை தெரியாமலே போச்சேப்பா, அவ மகன் இருக்கான்னு" என்றாள்.

"இதை நான் இன்னும் வச்சிருக்கேன்னு அந்த ஃபிட்டருக்கும் தெரியாதும்மா" என்றேன்.

அவள் பொல்லார்டைக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.